ஆக்டெட் லேட்டிஸில் சரிவு 1.6 வருகிறது, 1 அல்லவா வர வேண்டும்?

கேள்வி கேட்டவர்: முதல்வருட ஆய்வாளர்

வணக்கம். முப்பரிமாண அச்சில் லேட்டிஸ் (மெல்லிய கம்பிகளால் ஆன கூடு) செய்து, அதை அழுத்திச் சோதித்த அனுபவம் உள்ளவர்கள் யாராவது உதவ வேண்டும்.

நான் மெக்கானிக்கல் முடித்துவிட்டு ஆராய்ச்சிப் படிப்பில் சேர்ந்து ஏழு மாதம் ஆகிறது. என் கைடு வேலை செய்வது ஆர்க்கிடெக்டட் மெட்டீரியல்ஸில். பொருள் அதேதான், உள்ளே அது அடுக்கப்பட்டிருக்கும் விதத்தை மாற்றி, எடை, விறைப்பு, வலிமை எல்லாவற்றையும் நாம் நினைத்தபடி வரவழைப்பது. அப்படிப்பட்ட வடிவங்களை அடிட்டிவ் மேனுஃபேக்சரிங் (முப்பரிமாண அச்சு) இல்லாமல் செய்வது பெரும் பாடு என்பதால் எங்கள் ஆய்வகத்தில் பாதி இடம் பிரிண்டர்களுக்குத்தான்.

சேர்ந்த முதல் நாள் கைடு மேடம் என் கையில் ஒரு கட்டு மூங்கில் குச்சியையும் கொஞ்சம் களிமண்ணையும் கொடுத்தார். பன்னிரண்டு குச்சியில் ஒரு கனசதுரம் கட்டச் சொன்னார். கட்டினேன். மேலே விரல் வைத்ததும் ஒருபக்கமாகச் சாய்ந்து படுத்துவிட்டது. அதே பன்னிரண்டு குச்சியைப் பிரித்து எண்முகி கட்டச் சொன்னார். அது அசையவே இல்லை. உள்ளங்கையால் அழுத்தியபோது ஒரு குச்சி ஒடிந்ததே தவிர வடிவம் சாயவில்லை. அப்புறம் பலகையில் மேக்ஸ்வெல் 1864 இல் சொன்ன கணக்கைப் போட்டார். குச்சிகளின் எண்ணிக்கையிலிருந்து கணுக்களின் எண்ணிக்கையைப் போல மூன்று மடங்கைக் கழித்து ஆறு கூட்ட வேண்டும். கனசதுரத்துக்கு 12 கழித்தல் 24 கூட்டல் 6, அதாவது கழித்தல் ஆறு. எண்முகிக்கு 12 கழித்தல் 18 கூட்டல் 6, பூஜ்யம். கழித்தலில் வந்தால் கணுக்கள் மடங்கும், சுமையைக் குச்சிகள் வளைந்துதான் தாங்க வேண்டும். பூஜ்யம் வந்தால் குச்சிகள் நீளவாக்கில் இழுபட்டும் அழுந்தியும் தாங்கும். நான்கு வருடம் படித்ததில் எனக்குக் கிடைக்காத தெளிவு அந்த அரை மணி நேரத்தில் கிடைத்தது.

சரி, பிரச்சினைக்கு வருகிறேன். வளைந்து தாங்கும் நுரை போன்ற பொருளில் விறைப்பு சார்பு அடர்த்தியின் (திடப்பொருளோடு ஒப்பிட்ட அடர்த்தி) வர்க்கத்துக்கு ஏற்ப இறங்கும். ஆக்டெட் (எண்முகியும் நான்முகியும் சேர்த்து அடுக்கிய வடிவம்) போல நீளவாக்கில் தாங்கும் லேட்டிஸில் அடர்த்திக்கு நேர் விகிதத்தில்தான் இறங்கும். லாக்-லாக் வரைபடத்தில் முன்னதன் சரிவு 2, பின்னதன் சரிவு 1. இதைச் சோதிப்பதுதான் என் முதல் வேலை.

நான் செய்தது: எல்சிடி வகை ரெசின் பிரிண்டர் (திரவ ரெசினை ஒளியால் அடுக்கடுக்காக இறுக்குவது). அலகு 5 மி.மீ., நான்குக்கு நான்குக்கு நான்கு அலகு, மொத்தம் 20 மி.மீ. பக்கமுள்ள கனசதுரம். ஸ்ட்ரட் (கம்பி) விட்டம் 0.4, 0.5, 0.6, 0.8 மி.மீ., ஒவ்வொன்றிலும் மூன்று மாதிரி. வரைபடத்தில் சார்பு அடர்த்தி முறையே 7.5, 11.4, 16, 26 சதவீதம். அச்சான பிறகு எடை போட்டால் 11, 15, 20.5, 31 சதவீதம். யுடிஎம்மில் (இழுத்தும் அழுத்தியும் சோதிக்கும் இயந்திரம்) அச்சான திசையிலேயே அழுத்தியதில் கிடைத்த யங் குணகம் 14, 23.5, 34.6, 74 மெகாபாஸ்கல். அதே ரெசினில் டாக்-போன் (நடுவில் மெலிந்த பட்டை) மாதிரி அச்சிட்டு இழுத்ததில் திடப்பொருளின் குணகம் 2.0 கிகாபாஸ்கல்.

எடை போட்ட அடர்த்தியை வைத்துக் கோடு போட்டால் சரிவு 1.6 வருகிறது. இது நுரைக்குப் பக்கத்தில் இருக்கிறது. மேடமிடம் காட்டினேன். தாளைத் திருப்பிக் கொடுத்து, "கம்பி எங்கே போயிருக்கிறது என்று பார், அப்புறம் வா" என்றார். எனக்குப் புரியவில்லை. மாதிரி ஒன்றுகூட உடையவில்லை, கம்பி எதுவும் காணாமல் போகவும் இல்லை. எங்கே தவறு?

பதில் 1: சோதனைக்கூடம்

க்ராஸ்ஹெட் (இயந்திரத்தின் நகரும் குறுக்குச்சட்டம்) நகர்வை வைத்துக் குணகம் எடுத்தீர்களா? அப்படியென்றால் முதல் சந்தேகம் அங்கேதான். நீங்கள் அழுத்தும்போது மாதிரி மட்டும் சுருங்குவதில்லை. லோட் செல், க்ரிப், சட்டம் எல்லாமே கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். மாதிரி இல்லாமல் இரண்டு தட்டுகளையும் ஒன்றோடொன்று அழுத்தி ஒரு வளைவை எடுத்து வையுங்கள், அதைக் கழியுங்கள். மாதிரியின் மேலும் கீழும் புள்ளி வைத்துக் கேமராவில் நகர்வை அளந்தால் இன்னும் நல்லது.

இன்னொன்று, சுமை ஏறத் தொடங்கும் இடத்தில் வளைவு மெதுவாகத்தான் எழும், தட்டு எல்லாக் கணுக்களையும் ஒரே நேரத்தில் தொடாது. அந்த இடத்திலிருந்து சரிவு எடுக்காதீர்கள். நுண்துளை உலோகங்களுக்கான ஐஎஸ்ஓ 13314 விதியில் சுமையை ஏற்றி, இறக்கி, மறுபடி ஏற்றி, அந்த வளையத்திலிருந்து எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். பிளாஸ்டிக்குக்கும் அது நல்ல பழக்கம்.

பதில் 2: கம்பிக்கூடு

என் ஆராய்ச்சிப் படிப்பு முழுவதும் இதே லேட்டிஸோடுதான் போனது, இப்போதும் வேலை இதில்தான். உங்கள் எண்களை முழுதாகக் கொடுத்திருப்பதற்கு நன்றி. பலரும் சரிவை மட்டும் சொல்லிவிட்டு எண்களைத் தராமல் உதவி கேட்பார்கள்.

முதலில் மேலே சொன்ன இயந்திர விவகாரம். செய்ய வேண்டியதுதான், ஆனால் உங்கள் 1.6 க்கு அது காரணமாக இருக்க முடியாது. கணக்குப் போட்டுப் பாருங்கள். 20 மி.மீ. கனசதுரத்துக்கு விறைப்பு என்பது குணகத்தை 20 ஆல் பெருக்கினால் வருவது. மெலிந்த மாதிரி மில்லிமீட்டருக்கு 280 நியூட்டன், தடித்தது 1480 நியூட்டன். இயந்திரம் மில்லிமீட்டருக்கு 10,000 நியூட்டன் என்றே வைத்துக்கொண்டாலும், திருத்தினால் மெலிந்தது 3 சதவீதம் ஏறும், தடித்தது சுமார் 17 சதவீதம் ஏறும். அதாவது சரிவு குறையாது, கூடும். பிழை இருக்கலாம், ஆனால் அது நீங்கள் தேடும் பிழைக்கு எதிர்த்திசையில் இருக்கிறது. இதே கனசதுரத்தை டைட்டானியத்தில் செய்தால் கதை வேறு. அங்கே மாதிரியின் விறைப்பு இயந்திரத்தின் விறைப்பைத் தொட்டுவிடும், திருத்தாமல் எதையும் நம்ப முடியாது.

இப்போது உங்கள் மேடம் சொன்ன வாக்கியத்துக்கு வருகிறேன். உங்களிடம் இரண்டு அடர்த்திகள் இருக்கின்றன, வரைந்தது ஒன்று, எடை போட்டது ஒன்று. அதே குணகங்களை வரைந்த அடர்த்தியோடு வைத்துக் கோடு போட்டுப் பார்த்தேன். சரிவு 1.33. ஒரே சோதனை, ஒரே மாதிரிகள், கிடையச்சை மாற்றியதும் 1.6 என்பது 1.33 ஆகிவிட்டது. ஆகவே கேள்வி ஆக்டெட் நுரை மாதிரி நடந்துகொள்கிறதா என்பதே இல்லை. வரைந்ததற்கு மேல் ஏறிய எடை எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதுதான் கேள்வி.

எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பாருங்கள். 7.5 என்பது 11 ஆகியிருக்கிறது, கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு. 26 என்பது 31 ஆகியிருக்கிறது, ஐந்தில் ஒரு பங்குதான் கூடுதல். ஒவ்வொரு ஸ்ட்ரட்டின் மேலும் சுற்றிலும் 0.04 மி.மீ. தோல் ஏறியதாக வைத்துக் கணக்குப் போட்டால் உங்கள் நான்கு எண்ணும் ஏறக்குறைய அப்படியே வருகின்றன. தோலின் தடிமன் எல்லாவற்றிலும் ஒன்றே, ஆகவே மெலிந்த கம்பிக்கு அது பெரிய சுமை. அந்தத் தோல் நல்ல ரெசினாக இருந்திருந்தால் விறைப்பும் கூடவே ஏறியிருக்கும், கோடும் நேராகியிருக்கும். ஏறவில்லை. எடையைக் கொடுத்துவிட்டு வேலை செய்யாத பொருள் உங்கள் மாதிரியில் இருக்கிறது.

அது இரண்டு வழியில் வரும். ஒன்று, கழுவியதில் போகாத ரெசின். ஆக்டெட்டில் ஒரு கணுவில் பன்னிரண்டு கம்பிகள் சேர்கின்றன. அந்தக் குறுகிய மூலைகளில் ரெசின் மேற்பரப்பு இழுவிசையால் ஒட்டிக்கொண்டு நிற்கும், பழைய ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் எத்தனை தடவை முக்கினாலும் வராது. பிறகு யுவி பெட்டியில் வைத்தால் பாதி இறுகும். அக்ரிலேட் ரெசினின் மேற்பரப்பை ஆக்சிஜன் இறுக விடாது, அதனால்தான் தொட்டால் பிசுபிசுக்கும். என் முதல் தொகுதி மாதிரிகளில் ஒன்றை நடுவில் வெட்டிப் பார்த்தபோது வெளிக் கணுக்கள் கூர்மையாக இருந்தன, நடுவில் இருந்த கணுக்கள் ஒவ்வொன்றும் தேன் உறைந்தது போல உருண்டிருந்தன. ஊசியால் குத்தினேன், உள்ளே போனது. ஆறு வாரச் சோதனை அதோடு போயிற்று. அன்றைக்கு வருத்தப்பட்டேன். ஆனால் அதற்குப் பிறகு வெட்டிப் பார்க்காத ஒரு மாதிரியைப் பற்றியும் நான் எழுதியதில்லை.

இரண்டாவது இன்னும் முக்கியம், இதில்தான் உங்கள் மேடத்தின் "எங்கே" என்ற சொல்லுக்கு அர்த்தம் இருக்கிறது. ஆக்டெட் அலகை நேராக நிறுத்தி அச்சிட்டால் கம்பிகளில் மூன்றில் ஒரு பங்கு படுக்கைவாட்டில் கிடக்கும், மற்றவை 45 பாகையில் நிற்கும். படுத்திருக்கும் கம்பியை அச்சிடும்போது முதல் அடுக்குக்குக் கொடுக்கும் ஒளி அந்த அடுக்கோடு நிற்காது, அடுத்த பக்கமும் ஊடுருவி அங்கே இருக்கும் ரெசினையும் இறுக்கும். எவ்வளவு ஆழம் இறுகும் என்பது கொடுத்த ஒளியின் லாகரிதத்தைப் பொறுத்தது. கம்பி மெலிந்ததா தடித்ததா என்று அது பார்க்காது. விளைவாகப் படுத்த கம்பிகள் வட்டமாக இருக்காமல் உயரவாக்கில் முட்டை வடிவமாகிவிடும். நீங்கள் மேலிருந்து அழுத்தும்போது 45 பாகைக் கம்பிகள் அழுந்துகின்றன, படுத்த கம்பிகள் அவை விலகாமல் கட்டிவைக்கும் இழுகயிறாக வேலை செய்கின்றன. கட்டுக்கயிறு மட்டும் தடித்து, தூண் தடிக்காவிட்டால் என்ன ஆகும்? எடை ஏறும் அளவுக்கு விறைப்பு ஏறாது. மெலிந்த மாதிரியில் இந்த வீண் எடையின் பங்கு அதிகம், தடித்ததில் குறைவு. உங்கள் கோடு சாய்வதற்கு இதுவே போதும்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு சோதனை இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்தது. ஆக்டெட்டின் மூன்று அச்சுகளும் காகிதத்தில் ஒன்றே. எந்தப் பக்கம் திருப்பி அழுத்தினாலும் ஒரே குணகம் வர வேண்டும். ஒரே தொகுப்பில் இரண்டு கனசதுரம் அச்சிடுங்கள். ஒன்றை அச்சான திசையில் அழுத்துங்கள், இன்னொன்றைப் படுக்கப் போட்டு அழுத்துங்கள். இரண்டும் ஒன்றானால் என் சந்தேகம் தவறு. வேறுபட்டால் அந்த வேறுபாடு முழுவதும் அச்சிடும் முறை கொண்டுவந்தது, வடிவத்துக்கு அதில் பங்கே இல்லை.

அடுத்து நீங்கள் கேட்காத ஒன்று, ஆனால் ஆய்வுக் கட்டுரை எழுதும்போது யாராவது கேட்பார்கள். உங்கள் அடர்த்தி வரம்பு 7.5 முதல் 26 வரை. லாக் அளவில் இது அரை டெகேட் (ஒரு டெகேட் என்றால் பத்து மடங்கு). அதில் நான்கு புள்ளி. தேஷ்பாண்டே, ஃப்ளெக், ஆஷ்பி மூவரும் 2001 இல் போட்ட கணக்கின்படி ஆக்டெட்டின் அச்சுத் திசைக் குணகம் என்பது திடப்பொருளின் குணகத்தை அடர்த்தியால் பெருக்கி ஒன்பதால் வகுத்தது. நுரைக்கு வழக்கமாக எடுக்கும் கணக்கு அடர்த்தியின் வர்க்கம். இரண்டையும் சமமாக வைத்துப் பாருங்கள், ஒன்பதில் ஒரு பங்கு, அதாவது 11 சதவீத அடர்த்தியில் இரண்டு கோடுகளும் வெட்டிக்கொள்கின்றன. நீங்கள் நிற்பது சரியாக அந்த நாற்சந்தியில். அங்கே ஆக்டெட் நுரையைவிட விறைப்பாக இருக்கும் என்று எதிர்பார்ப்பதே சரியில்லை. ஒரு சதவீத அடர்த்திக்கு இறங்கினால் ஆக்டெட் நுரையைப் போல 11 மடங்கு விறைப்பு. லேட்டிஸின் அருமை தெரிவது மிக லேசான இடத்தில்தான். 2014 இல் லிவர்மோர் தேசிய ஆய்வகமும் எம்ஐடியும் சேர்ந்து மைக்ரோஸ்டீரியோலித்தோகிராஃபியில் (ரெசினை ஒளியால் மிக நுண்ணிய அளவில் இறுக்கும் அச்சு) செய்த ஆக்டெட்டுகளை நினைத்துக்கொள்ளுங்கள். அச்சிட்ட பாலிமரின் மேல் பூச்சுப் பூசி, உள்ளே இருந்த பாலிமரை நீக்கி, கம்பிகளையே குழாய்களாக்கி, அடர்த்தியில் மூன்று டெகேட் வரை இறங்கி ஏறக்குறைய நேர்விகிதத்தைக் காட்டினார்கள். அவ்வளவு தூரம் இறங்கியதால்தான் கோடு நம்பும்படி இருந்தது.

மறுபக்கம் உங்கள் 0.8 மி.மீ. மாதிரி. அலகு 5 மி.மீ. என்றால் கணுவுக்குக் கணு 3.5 மி.மீ. சொச்சம். அதில் 0.8 மி.மீ. தடித்த கம்பி. கணுவின் கட்டியே இரு பக்கமும் நீளத்தை விழுங்கிவிடுகிறது, நடுவில் கம்பி என்று சொல்லும்படி மிஞ்சுவது கொஞ்சம்தான். மெல்லிய கம்பிக்குப் போட்ட கணக்கு அங்கே பொருந்தாது, உண்மையான விறைப்பு கணக்கைவிடக் கூடும். உங்கள் எண்ணும் அதையே சொல்கிறது. 26 சதவீதத்துக்குக் கணக்கு 58 மெகாபாஸ்கல் சொல்கிறது, உங்களுக்கு வந்தது 74. மெலிந்ததற்குக் கணக்கு 17 சொல்கிறது, வந்தது 14. ஒரு முனை கீழே, மறு முனை மேலே.

அப்புறம் அலகுகளின் எண்ணிக்கை. நான்கின் கனம் 64. அதில் எல்லாப் பக்கமும் அண்டை அலகு உள்ளவை எத்தனை? நடுவில் இருக்கும் எட்டு மட்டும். மீதி 56 அலகுகளுக்கு ஏதாவது ஒரு பக்கம் பிடிமானம் இல்லை. மேலே சொன்ன ஐஎஸ்ஓ விதி ஒவ்வொரு பக்கமும் துளை அளவைப் போலப் பத்து மடங்காவது இருக்க வேண்டும் என்கிறது. பத்து அலகு வைத்தால் ஆயிரத்தில் 512 உள்ளே இருக்கும். ஆனால் எல்லா மாதிரியிலும் நான்கு அலகே வைத்திருப்பதால் இது கோட்டை மொத்தமாகக் கீழே இறக்கும், சரிவை அவ்வளவாக மாற்றாது. இப்போதைக்கு விடுங்கள், அடுத்த தொகுப்பில் பாருங்கள்.

முதலில் ஒரு மாதிரியை வெட்டுங்கள்.

பதில் 3: தூள்படுக்கை

நான் உலோகப் பக்கம், லேசர் பவுடர் பெட் (உலோகத் தூளை லேசரால் அடுக்கடுக்காக உருக்கும் அச்சு). எங்களுக்கும் இதேதான், தோற்றம் மட்டும் வேறு. படுத்த கம்பிக்குக் கீழே திட உலோகம் இல்லை, தூள்தான் இருக்கிறது. தூள் வெப்பத்தை வாங்கிக் கடத்தாது, உருகிய குளம் கீழே இறங்கித் தொங்கி உறைந்துவிடும். கையால் தடவினாலே அடிப்பக்கம் சொரசொரப்பாகத் தெரியும். சாய்ந்த கம்பிகளின் அடியிலும் 15 முதல் 45 மைக்ரான் தூள் துகள்கள் பாதி உருகி ஒட்டியிருக்கும். 0.3 மி.மீ. கம்பியில் சுற்றிலும் அப்படி ஒட்டினால் எடை எவ்வளவு ஏறும் என்று நினைத்துப் பாருங்கள். ஒட்டிய துகள் சுமை தாங்காது. தாங்காதது மட்டும் இல்லை, திரும்பத் திரும்பச் சுமை ஏறும்போது விரிசல் பிறப்பது அந்த ஓரத்தில்தான். எலும்புக்குள் வைக்கும் டைட்டானியம் லேட்டிஸ்களை அமிலத்தில் அரித்தெடுப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

நான் இப்போது சார்பு அடர்த்தியை எடையில் ஒரு தடவையும் மைக்ரோ-சிடியில் (உள்ளே பார்க்கும் எக்ஸ்-கதிர் ஸ்கேன்) ஒரு தடவையும் எடுத்து இரண்டையும் எழுதுகிறேன். சிடியில் ஒவ்வொரு கம்பிக்கும் மிக மெலிந்த இடத்தின் குறுக்குவெட்டைத் தனியாக அளந்து வைத்துக்கொள்வேன். வலிமைக்கு அதுதான் ஒத்துப்போகிறது, சராசரி ஒத்துப்போவதில்லை. உங்களிடம் சிடி இல்லாவிட்டால் வெட்டி மைக்ராஸ்கோப்பில் பாருங்கள். ரெசின் என்பதால் உங்களுக்கு அது சுலபம், எனக்கு வயர் கட் (மின்பொறியால் உலோகம் வெட்டும் இயந்திரம்) வேண்டும்.

கேள்வி கேட்டவர்: முதல்வருட ஆய்வாளர்

எல்லோருக்கும் மிக்க நன்றி. பதினொரு நாள் கழித்து எழுதுகிறேன், சொன்னதையெல்லாம் செய்துவிட்டு வரலாம் என்றுதான் காத்திருந்தேன்.

0.5 மி.மீ. மாதிரி ஒன்றை மெல்லிய ரம்பத்தால் நடுவில் வெட்டி டூல்மேக்கர்ஸ் மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். கம்பிக்கூடு சார் சொன்னது அப்படியே இருந்தது. 45 பாகைக் கம்பி 0.52 மி.மீ. படுத்த கம்பி அகலத்தில் 0.50, உயரத்தில் 0.66. பத்துக் கம்பி அளந்தேன், அகலமும் உயரமும் எதிலும் ஒன்றாக இல்லை. வெளியிலிருந்து பார்த்தபோது எனக்கு ஏன் தெரியவில்லை என்றால், மேலிருந்து பார்க்கும்போது அகலம் மட்டும்தான் தெரியும், அது சரியாக இருந்தது. நடுக் கணுக்களில் ரெசின் உருண்டு நின்றதையும் பார்த்தேன். நீங்கள் எழுதியதைப் படித்திருந்ததால் ஊசியால் குத்திப் பார்த்தேன். போனது.

புது ஆல்கஹால் வாங்கி, இரண்டு தொட்டி வைத்து, ஒவ்வொரு மாதிரியையும் எதிர்ப்பக்கத்திலிருந்து காற்று ஊதிக் கழுவி, புதுத் தொகுப்பு ஒன்று செய்தேன். அடர்த்தி 9.2, 13.5, 18, 28 சதவீதமாக இறங்கியது. குணகம் ஏறக்குறைய முன்பு இருந்த அதே எண்கள், அளவீட்டுச் சிதறலுக்குள் இருக்கிறது. அப்படியானால் போன எடை ஒன்றுமே தாங்கவில்லை என்றுதான் அர்த்தம். சரிவு 1.6 இலிருந்து 1.5 க்கு வந்தது. 0.8 மி.மீ. புள்ளியை விட்டுவிட்டுப் போட்டால் 1.35. தட்டுகளை மட்டும் அழுத்தியதில் எங்கள் இயந்திரம் மில்லிமீட்டருக்கு 40,000 நியூட்டன், ஆகவே தடித்த மாதிரிக்கும் திருத்தம் 4 சதவீதத்தைத் தாண்டவில்லை.

திருப்பி அழுத்தும் சோதனையும் செய்தேன், 0.5 மி.மீ. விட்டத்தில் மூன்று ஜோடி. படுக்கப் போட்டு அழுத்தியவை மூன்றுமே அச்சான திசையில் அழுத்தியதைவிட விறைப்பு, சுமார் 15 சதவீதம். முதலில் ஏன் கூடுகிறது என்று புரியவில்லை. பிறகு அந்தக் களிமண் எண்முகியைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். படுக்கப் போட்டதும் முன்பு கட்டுக்கயிறாக இருந்த தடித்த கம்பிகள் இப்போது தூணாகிவிடுகின்றன. எடை அதேதான், அது போய் உட்கார்ந்த இடம் இப்போது சுமையின் வழியில் இருக்கிறது.

இந்தத் தடவை மேடமிடம் போனபோது சரிவைச் சொல்லவில்லை, வெட்டிய மாதிரியைக் கொண்டுபோனேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு மைக்ராஸ்கோப்பில் ரொம்ப நேரம் பார்த்தார். "படுத்த கம்பியை இனி எப்படி வரைவாய்?" என்று மட்டும் கேட்டார்.

அகலம் 0.5, உயரம் 0.34 என்று நீள்வட்டமாக வரைந்தால் அச்சில் வட்டமாக வரும் என்று நினைக்கிறேன். சரியா? இல்லை, அலகையே சாய்த்து அச்சிட்டால் படுத்த கம்பியே இல்லாமல் செய்ய முடியுமா?

பதில் 4: கம்பிக்கூடு

மைக்ராஸ்கோப் எண்களைப் பார்த்ததும் மகிழ்ச்சியாக இருந்தது. நீள்வட்டம் வரைவது சரியான வழி. ஆனால் 0.34 ஐ 0.4 மி.மீ. மாதிரிக்கு அப்படியே விகிதத்தில் மாற்றாதீர்கள். ஊடுருவும் ஆழம் விட்டத்தோடு மாறாது என்று சொன்னேன் அல்லவா, எல்லாவற்றிலும் அதே 0.16 ஐக் கழியுங்கள். மெலிந்ததில் கழித்தால் மிஞ்சுவது 0.24. உங்கள் அடுக்கு 0.05 மி.மீ. என்றால் அது ஐந்து அடுக்குகூட இல்லை, வட்டம் என்று சொல்லவே முடியாது. அந்த மாதிரிக்கு மட்டும் அலகைப் பெரிதாக்கி கம்பியைத் தடிமனாக்குங்கள், அடர்த்தி அதேதான் வரும்.

சாய்ப்பதைப் பற்றி. மூலைவிட்டத்தை நேராக நிறுத்தலாம் என்றுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும், எனக்கும் தோன்றியது. ஆனால் அப்படி நிறுத்தினால் ஆறு திசைகளில் மூன்று படுத்துவிடும், மூன்றில் ஒரு பங்கு பாதியாகிவிடும். பக்க மூலைவிட்டத்தை நிறுத்தினால் ஒரு திசை நேராக நிற்கும், ஒன்று படுக்கும், மீதி நான்கும் 30 பாகையில் சாய்ந்திருக்கும். இரண்டு அச்சிலும் கொஞ்சம் கொஞ்சம் சாய்த்தால் படுத்த கம்பியே இல்லாமல் செய்யலாம், ஆனால் அதற்குத் தாங்கிகள் வேண்டும், தாங்கி உடைத்த தழும்பு ஒவ்வொன்றும் ஒரு புதுப் பிழை. முதலில் நீள்வட்டத்தை அச்சிடுங்கள். அதையும் வெட்டுங்கள், திருப்பியும் அழுத்துங்கள். அந்த 15 சதவீதம் எவ்வளவு ஆகிறது என்று இங்கே எழுதுங்கள், காத்திருக்கிறேன்.